ஜார்ஜ் கார்லினைக் கடைசியிலிருந்து கேட்காதீர்கள்

ஸ்டாண்ட்-அப் நகைச்சுவை மேடைக்குப் புதிதாக வரும் இளைஞர்களோடு அமர்ந்து, ஒரே கலைஞரின் பதிவுகளை ஆண்டு வரிசையில் கேட்கும் பயிற்சியைச் சில ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். பெரும்பாலும் நாங்கள் எடுத்துக்கொள்வது அமெரிக்கக் கலைஞரான ஜார்ஜ் கார்லினை. 1960களின் இசைத்தட்டுகளில் தொடங்கி, 2008 ஜூனில் 71 வயதில் இறப்பதற்குச் சில மாதங்கள் முன்புவரை அவர் பதிவு செய்துகொண்டே இருந்தார். எச்பிஓ தொலைக்காட்சிக்காக மட்டும் 1977 முதல் 14 நிகழ்ச்சிகள். சென்ற மாதம் வந்த குழுவினரும், பயிற்சியின் தொடக்கத்தில் நான் செய்த தவறுகளையே செய்ததைப் பார்த்த பிறகு இதை எழுதுகிறேன். உச்சரிப்பு புரியாமல் போவது, சப்டைட்டிலை நம்பி ஏமாறுவது போன்றவை கேட்கக் கேட்கத் தாமாகவே சரியாகிவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

முடிவை முதலில் கேட்பது

கார்லினை நான் முதன்முதலில் பார்த்தது, 1992 நியூயார்க் நிகழ்ச்சியின் இறுதிப் பகுதியை வெட்டியெடுத்த ஒரு துண்டுக் காணொளியில். பூமியைக் காப்பாற்றப் போவதாகச் சொல்பவர்களைப் பார்த்து, பூமிக்கு ஒன்றும் ஆகாது, அழியப் போவது நாம்தான் என்று அவர் முழங்கும் பகுதி அது. அந்தக் கோபமே அவருடைய கலை என்று நான் முடிவு செய்துகொண்டு, அரசியல், மதம், குடும்பம் என எல்லாவற்றையும் சாடி நாற்பது நிமிடங்களுக்கு ஒரு நிகழ்ச்சி எழுதினேன். எழுத எட்டு மாதங்கள் ஆயின. சென்னையில் ஒரு சிறிய அரங்கில் அதைப் பேசியபோது, பத்தாவது நிமிடத்தில் முதல் வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் கைகளைக் கட்டிக்கொண்டு தலையைக் குனிந்தார், கடைசிவரை நிமிரவில்லை. திட்டு வாங்குவதற்காக யாரும் டிக்கெட் எடுத்து வருவதில்லை.

முழு நிகழ்ச்சியையும் கேட்ட பிறகுதான் நான் எதைத் தவறவிட்டேன் என்பது புரிந்தது. வளைகுடாப் போரைச் சாடித்தான் கார்லின் தொடங்குகிறார். ஆனால் உடனே குரலைத் தணித்துக்கொண்டு, நம் எல்லோருக்கும் நேரும் சின்னஞ்சிறு விஷயங்களுக்கு வந்துவிடுகிறார். கைக்கடிகாரத்தைப் பார்த்த மறுநொடியே மணி என்னவென்று மறந்துபோவது அவற்றில் ஒன்று. பிறகு விமான அறிவிப்புகளில் வரும் அபத்தமான சொற்கள், பிறகு வீடற்றவர்களும் கோல்ஃப் மைதானங்களும், அதற்கும் பிறகுதான் பூமி. கைக்கடிகாரத்துக்குச் சிரிக்கும்போதே அரங்கம் அவரைத் தன்னில் ஒருவராக ஏற்றுக்கொண்டுவிடுகிறது. இறுதிக் கோபத்தைத் தாங்கி நிற்பது அந்த ஏற்புதான்.

அந்த ஏற்பைச் சம்பாதிக்க அவருக்குப் பல ஆண்டுகள் ஆயின. 1967இல் தனியாக வெளியிட்ட முதல் இசைத்தட்டில், கோட்டும் டையும் அணிந்து தொலைக்காட்சியில் வானிலை அறிவிப்பாளர் வேடம் போட்ட மனிதரையே கேட்கிறோம். 1971இல் வாஷிங்டனில் பதிவாகி 1972இல் வெளிவந்த 'எஃப்எம் அண்ட் ஏஎம்' தட்டில், ஒரு பக்கம் அந்தப் பழைய மனிதர் வானொலியையும் தொலைக்காட்சியையும் நையாண்டி செய்கிறார்; மறுபக்கம் தாடி வளர்த்த புதியவர் தம்மைப் பற்றியும் தம் காலத்தைப் பற்றியும் பேசுகிறார். தாம் மாறிக்கொண்டிருப்பதை மறைக்காமல் ஒரே தட்டின் இரு முகங்களாக வைத்ததற்கு அவருக்குக் கிராமி விருதும் கிடைத்தது. மாணவர்களிடம் நான் முதலில் கொடுப்பது இதைத்தான்.

சென்ற மாதம் ஒரு தம்பி ஐந்து துண்டுக் காணொளிகளோடு வந்தார்; ஐந்தும் 1990க்குப் பிந்தியவை. அந்தக் குரலிலேயே பாதி எழுதியும் வைத்திருந்தார். எனக்கு வந்த எரிச்சல் அவர்மேல் இல்லை. உச்சக்கட்டத்தை மட்டும் வெட்டிப் பரப்பி, அதற்கு முன்னிருந்த ஐம்பது நிமிட உழைப்பைக் கண்ணிலிருந்து மறைத்துவிடும் பழக்கத்தின் மேல்தான்.

வெளியீட்டு ஆண்டை அப்படியே எழுதிக்கொள்வது

பதிவான நாளையும் குறித்துக்கொள்ளுங்கள். 2016இல் வெளிவந்த ஒரு கார்லின் தட்டு, 2001 செப்டம்பர் 9, 10 ஆகிய நாள்களில் லாஸ் வேகாஸில் பதிவானது. பேரழிவுகளில் மக்கள் சாவதை ரசிப்பதாகச் சொல்லும் பகுதி அதன் உச்சம். மறுநாளே இரட்டைக் கோபுரங்கள் விழுந்தன. அவர் அந்தப் பகுதியை நீக்கி, தலைப்பையும் மாற்றி, நவம்பர் 17 அன்று நியூயார்க்கில் வேறு நிகழ்ச்சியாகப் பதிவு செய்தார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், பத்து வாரத்தில் ஒரு கலைஞர் எதை விட்டுக்கொடுத்தார், எதை விடவில்லை என்பது வரிவரியாகத் தெரியும்.

வழக்கிலேயே நின்றுவிடுவது

ஒலிபரப்பில் சொல்லக் கூடாத ஏழு கெட்ட வார்த்தைகளைப் பற்றிய பேச்சுக்காக அவர் 1972இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் கைதானதும், அந்தப் பேச்சை ஒலிபரப்பிய வானொலி மீதான வழக்கில் 1978இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்று தீர்ப்பளித்ததும் சட்ட வரலாறு. படித்துவிட்டுத் தட்டுக்குத் திரும்புங்கள்.

இடைவெளியை வெற்றிடமாக நினைப்பது

1978க்கும் 1982க்கும் இடையில் எச்பிஓ நிகழ்ச்சி எதையும் அவர் பதிவு செய்யவில்லை. 1978இல் முதல் மாரடைப்பு வந்திருந்தது. அந்த இடைவெளியில்தான், 1981 இசைத்தட்டில், நாம் சேர்த்துவைக்கும் பொருள்களைப் பற்றிய பேச்சு வருகிறது: வீடு நிறையப் பொருள், ஊருக்குப் போனால் அதில் கொஞ்சம் பெட்டியில், அங்கிருந்து வேறிடம் போனால் இன்னும் கொஞ்சம் சிறிய பையில். யாரையும் சாடாத பேச்சு அது. பின்னாளைய கோபத்துக்கு இடையிடையே வரும் கைக்கடிகாரங்களெல்லாம் இதன் வழிவந்தவை.

சிரிப்பொலியை எண்ணுவது

எண்ணாதீர்கள்.

முதுமையைத் தளர்ச்சியாகக் கேட்பது

2008 மார்ச் 1 அன்று கலிபோர்னியாவின் சாண்டா ரோசாவிலிருந்து நேரடியாக ஒளிபரப்பான கடைசி நிகழ்ச்சியில், குரல் கரகரத்து, வேகம் குறைந்திருக்கிறது. அதனால் பலர் அதைக் கடைசியாகவும் அரைமனதோடும் கேட்கிறார்கள். அந்த எழுபது வயது மனிதர் தொடக்கத்திலேயே முகவரிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, இறந்துபோன நண்பரின் பெயரை அதிலிருந்து உடனே அடித்துவிடலாமா, ஆறு வாரமாவது பொறுக்க வேண்டுமா என்று கேட்கிறார். சென்ற மாதம் அந்த இடத்தில் நான் ஒலியை நிறுத்தியபோது, ஐந்து காணொளிகளோடு வந்த தம்பி தம் கைபேசியை எடுத்து, தாத்தாவின் எண்ணை இன்னும் நீக்கவில்லை என்று காட்டினார்.