பாட்டுக்கு ஏற்ற அட்டை: செட்டிநாட்டுக் கலைஞர்களுக்கு ஆல்பம் கவர் செய்முறை

காரைக்குடிப் பக்கம் ஒரு பாடகர் ஆல்பம் போட்டால் அட்டைக்கு முதலில் தோன்றும் யோசனை பெரும்பாலும் ஒன்றுதான். கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீடு, முகப்பில் பர்மாத் தேக்குத் தூண், தரையில் ஆத்தங்குடிக் கல் (வண்ணச் சிமென்ட் பதிகல்), நடுவில் பட்டுச் சட்டை போட்ட பாடகர். படம் அழகாகத்தான் வரும். ஆனால் கைப்பேசியில் பார்ப்பவருக்கு அது கல்யாணப் படமா, ஹோட்டல் விளம்பரமா, பாட்டா என்று பிடிபடாது. பாட்டு என்று ஊகித்தாலும் கச்சேரியா, கிராமியப் பாட்டா, ராப்பா என்று தெரியாது. பாடுவது யார், என்ன வகைப் பாட்டு, இந்த இரண்டையும் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட வேண்டும். வீடு அப்புறம் வரட்டும்.

நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் கிராமபோன் தட்டுகளின் காலத்தில் இந்தக் கவலை இல்லை. ஏவி. மெய்யப்பன் காரைக்குடியில் அப்பாவின் கடையில் தட்டு விற்ற நாட்களில் உறை என்பது பெரும்பாலும் பழுப்புத் தாள்தான். நடுவில் வட்ட ஓட்டை. அதன் வழியே தட்டின் லேபிளைப் படித்துக்கொள்ள வேண்டியது. அமெரிக்காவில் கொலம்பியா கம்பெனியின் அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் 1940-ஐ ஒட்டித்தான் ஆல்பத்துக்கு ஆல்பம் தனி ஓவியம் என்ற வழக்கத்தைக் கொண்டுவந்தார். 1948-ல் எல்.பி. என்ற நீண்ட நேரத் தட்டு வந்ததும் வடிவமைப்பாளருக்கு 12 அங்குலச் சதுரம் கிடைத்தது. இன்று அதே சதுரம் பாட்டுச் செயலியின் பட்டியலில் விரல்நக அளவுக்குச் சுருங்கிவிட்டது. கீழே சொல்லும் அளவுகள் எல்லாம் அந்த நகத்தை மனதில் வைத்துத்தான்.

கேமராவைத் தொடும் முன்

ஆல்பத்தை முழுதாகக் கேட்டு மூன்று சொல் எழுதுங்கள். 'இனிமை', 'அருமை' போன்றவை உதவாது. 'நடுச்சாமம், ஒற்றைக் குரல், ஈரம்' என்பது போல் கண்ணுக்குத் தெரியும் சொற்களாக இருக்க வேண்டும். பிறகு அதே வகையில் வெளிவந்த 12 அட்டைகளை ஒரே பக்கத்தில் மூன்று வரிசையாக அடுக்கிப் பாருங்கள். அந்த வகையின் வழக்கம் தானே தெரியும்: எந்த நிறம் திரும்பத் திரும்ப வருகிறது, முகம் எவ்வளவு பெரிது, எழுத்து எங்கே உட்காருகிறது. அவற்றில் இரண்டு வழக்கங்களை வைத்துக்கொண்டு ஒன்றை மட்டும் மீறுங்கள். மூன்றையும் வைத்தால் பதின்மூன்றாவது அட்டையாகக் கரைந்துபோகும். மூன்றையும் மீறினால் அந்த வகையைத் தேடி வருகிறவர் உங்களைக் கடந்து போய்விடுவார்.

வகைக்கு வகை

கர்நாடக இசையின் வழக்கம் எல்லோருக்கும் தெரியும்: அரக்கு, பொன்னிறம், பட்டு, வாத்தியத்தோடு இடுப்புவரை படம். இங்கே மீற வேண்டியது பெரும்பாலும் முகத்தைத்தான். வீணைத் தந்தியின் மேல் இடக்கை விரல்கள், மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையில் விழும் விரல்கள், இவ்வளவு போதும். வாத்தியமும் தெரியும், கச்சேரி என்பதும் தெரியும். காரைக்குடி வீணைக்கும் மிருதங்கத்துக்கும் பேர்போன ஊர், வாத்தியத்தைத் தவறாகக் காட்டினால் சொல்லிக்காட்ட ஆள் இருக்கிறார்கள். அதிகம் நடக்கும் தவறு, எழுத்துக்கு இடம் வேண்டும் என்று படத்தைக் கண்ணாடிபோல் இடவலமாகத் திருப்புவது. வீணைக்காரர் இடக்கை மீட்டுகிறவராக மாறுவார். சாதம் என்ற கறுப்புப் பசை ஒட்டிய வலந்தலை இடப்பக்கம் போய்விடும். இடம் வேண்டுமானால் படம் எடுக்கும்போதே ஆளை ஓரமாக உட்கார வையுங்கள்.

பக்திப் பாடலில் திருப்புவது இன்னும் மோசம். பிள்ளையார்பட்டி கற்பக விநாயகர் தும்பிக்கை வலப்பக்கம் திரும்பிய வலம்புரியார், இரண்டு கை உடையவர். திருப்பினால் இடம்புரி ஆகிவிடுவார், நாலு கை ஓவியத்தைப் போட்டால் வேறு கோயில் ஆகிவிடும். பக்தி அட்டையில் புதுமை காட்டுவதற்கு இடம் குறைவு. கேட்பவர்களில் பலர் வயதானவர்கள், அவர்களுக்கு நேர்முகமான உருவமும் பெரிய எழுத்தும் வேண்டும். சாமி முகத்தின் மேல் எழுத்தை ஏற்றாதீர்கள், காலை வெட்டாதீர்கள்.

கிராமியப் பாட்டுக்கு அசைவு முக்கியம். ஒயிலாட்டம், நையாண்டி மேளம் என்றால் கேமரா ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை 1/30 நொடியில் வைத்து, ஆட்டக்காரரின் கை மங்கலாகவும் முகம் தெளிவாகவும் வரும்வரை எடுத்துக்கொண்டே இருங்கள். நாற்பது படத்தில் இரண்டு தேறும். 1/500-ல் எடுத்தால் ஆட்டம் சிலையாக உறைந்துவிடும். ஒப்பாரி, தாலாட்டு என்றால் அசைவே வேண்டாம், வயதான ஒரு கையும் ஒரு துணியும் போதும். வறுமையைக் காட்டினால்தான் நாட்டுப்புறம் என்று நினைத்துக் கிழிந்த கூரையைத் தேடிப் போகிற பழக்கத்தை விட்டுவிடலாம். பாடுகிறவர் விழாவுக்கு உடுத்தும் உடையிலேயே நிற்கட்டும்.

ராப், தனியிசைக்கு நேர் ஃபிளாஷ், நெருக்கமான முகம், தடித்த எழுத்து. வசவுச் சொல் எச்சரிக்கை முத்திரையை அழகுக்காக ஒட்டாதீர்கள். பாட்டை அப்படிக் குறிக்காமல் முத்திரை மட்டும் இருந்தால், செயலிகளில் பாட்டை ஏற்றித்தரும் விநியோகிப்பவர் திருப்பி அனுப்பக்கூடும்.

வீட்டை எப்படிப் பயன்படுத்துவது

முழு வீட்டையும் காட்டாமல் ஒரு பாகத்தை எடுங்கள். ஆத்தங்குடிக் கல் கணினி இசைக்கும் வாத்திய இசைக்கும் நன்றாகப் பொருந்தும், ஆனால் நூறு கல்லைக் காட்டினால் சிறிதாகும்போது அலைஅலையாகக் கோடு விழும். 3000 பிக்சல் சதுரத்தில் ஒரு கல் குறைந்தது 600 பிக்சல் இருக்கட்டும். அது 60 பிக்சலாகச் சுருங்கும்போதும் ஒரு கல்லுக்கு 12 பிக்சல் மிஞ்சும், கோலம் கோலமாகவே தெரியும். செட்டிநாட்டுக் கண்டாங்கிச் சேலையின் கட்டத்துக்கும் இதே கணக்கு. சேலையை விரித்துக் காட்டுவதைவிடக் கரையையும் இரண்டு கட்டத்தையும் காட்டுவது மேல்.

கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணச் சிமென்டை ஊற்றி வார்ப்பதால் இந்தக் கல்லுக்குப் பளபளப்பு அதிகம். ஃபிளாஷ் போட்டால் வெள்ளைத் திட்டு விழும். எதிரொளியைத் தடுக்கும் போலரைசர் ஃபில்டரைப் போட்டுத் தரையைச் சாய்வாக, செங்குத்திலிருந்து 50 முதல் 60 டிகிரியில் எடுத்தால் பளபளப்பு அடங்கி நிறம் தெளியும். நேர் மேலிருந்து எடுத்தால் போலரைசர் பெரிதாக உதவாது, அப்போது பக்கவாட்டு வெளிச்சம்தான் வழி. வீட்டின் நடு முற்றமான வளவில் உச்சிவெயில் கண் குழியில் கறுப்பு நிழலைப் போடும். காலை எட்டிலிருந்து ஒன்பதரை வரை, அல்லது நாலு மணிக்கு மேல் எடுங்கள். சுண்ணாம்புச் சுவர் சட்டகத்தை நிரப்பினால் கேமரா ஏமாந்து படத்தை இருட்டாக்கும். வெளிச்சத்தை முக்கால் முதல் ஒரு ஸ்டாப் கூட்டுங்கள் (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு வெளிச்சம்). கைப்பேசியின் அகல லென்ஸில் தூண் வளையும், இரண்டடி பின்னால் போய் சாதாரண லென்ஸில் எடுப்பது நல்லது.

அனுமதி விஷயத்தில் ஏமாந்துவிட வேண்டாம். பல வீடுகள் பங்காளிகளுக்குப் பொது. காவலுக்கு இருப்பவர் தலையாட்டினால் அது அனுமதி ஆகாது. உரிமை உள்ளவரிடம், ஆல்பம் அட்டைக்கு என்று குறிப்பிட்டு எழுத்தில் வாங்குங்கள். படம் எடுத்தவரிடமும் அப்படியே.

நிறமும் எழுத்தும்

1950, 60-களில் நியூயார்க்கின் ப்ளூ நோட் ஜாஸ் தட்டுகளுக்கு ரீட் மைல்ஸ் செய்த அட்டைகள் நல்ல பாடம். ஃபிரான்சிஸ் உல்ஃப் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம், இறுக்கமான வெட்டு, பல அட்டைகளில் மேலே ஒரே ஒரு வண்ணம், தைரியமான எழுத்து. தூரத்திலிருந்து பார்த்தாலே எந்தக் கம்பெனி, என்ன இசை என்று சொல்லலாம். உங்களுக்கும் ஒரு கறுப்பு வெள்ளைப் படமும் கண்டாங்கியின் அரக்கோ கடுகு மஞ்சளோ ஒன்றும் போதும். அடுத்த ஆல்பத்தில் நிறத்தை மாற்றலாம். பெயர் எழுதும் விதமும் அது உட்காரும் இடமும் மாறக்கூடாது. கலைஞருக்கு ஒரு முகவரி உண்டாவது அப்படித்தான்.

தமிழ் எழுத்துக்கு ஆங்கிலத்துக்கான அளவு பொருந்தாது. 'ணை', 'ஞூ' போன்றவற்றின் சுழிகள் சிறிதானால் அடைத்துக்கொள்ளும், அதனால் மெலிந்த எழுத்துருவைத் தவிர்க்கலாம். மேலே விசிறியும் கீழே சுழியும் வருவதால் வரி இடைவெளி எழுத்தளவில் 1.3 மடங்காவது வேண்டும். கேட்டமரன், பாலூ தம்பி, அரிமா மதுரை, கவிவனார், மீரா இனிமை ஆகியவை திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. தடித்த தலைப்புக்குப் பாலூ தம்பி, கையெழுத்துச் சாயலுக்குக் கவிவனார். போட்டோஷாப்பில் 'கொ' உடைந்து கொம்பு இடம் மாறி நின்றால் குறை எழுத்துருவில் இல்லை; எழுத்து அமைப்பில் வேர்ல்ட்-ரெடி லேஅவுட்டைத் தேர்ந்தால் சரியாகும்.

60 பிக்சலில் பெயர் படிக்க முடியாவிட்டாலும் பரவாயில்லை, செயலி கீழே எழுதிவிடும். 300 பிக்சலில் கட்டாயம் படிக்க முடிய வேண்டும். அதற்குப் பெயரின் உயரம் சதுரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்குக்குக் குறையாமல் இருக்கட்டும்.

கோப்பு, அச்சு

மூலக் கோப்பை 4000-க்கு 4000 பிக்சலில் செய்யுங்கள். இணையத்துக்கு அதிலிருந்து 3000-க்கு 3000, ஆர்ஜிபி (திரைக்கான நிறமுறை), ஜேபெக். அட்டையில் வலைமுகவரி, விலை, தொலைபேசி எண், செயலிகளின் சின்னம் எதுவும் கூடாது. பெயரும் தலைப்பும் விநியோகிப்பவரிடம் ஆல்பத்தைப் பதியும்போது கொடுத்த அதே எழுத்துக்கூட்டலில் இருக்க வேண்டும். 1000 பிக்சல் படத்தை இழுத்துப் பெரிதாக்கினால் மங்கல் காட்டிக்கொடுக்கும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் போய்விடும், டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

சி.டி. முன்னட்டை 120 மி.மீ. சதுரம், சுற்றிலும் 3 மி.மீ. வெட்டு ஓரம். 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) இது ஏறத்தாழ 1490 பிக்சல். எல்.பி. உறைக்கு ஓரத்தோடு 3800 பிக்சல் நெருங்கும். 4000 என்று சொன்னது அதற்காகத்தான். அச்சுக்கு சிஎம்ஒய்கே (நாலு மை அச்சு முறை) ஆக மாற்றும்போது பளீர்ப் பச்சையும் மின்நீலமும் செத்துவிடும். அரக்கும் கடுகு மஞ்சளும் பெரும்பாலும் தாங்கும். சிறிய எழுத்தைத் தனிக் கறுப்பில் மட்டும் வையுங்கள், நாலு மையும் கலந்தால் ஒரு மை விழும் இடம் சற்று நகர்ந்தாலும் எழுத்தில் நிற விளிம்பு தெரியும். எழுத்துகளை எல்லாம் அவுட்லைன் (எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவம்) ஆக்கிய பிறகே அச்சகத்துக்கு அனுப்புங்கள். இல்லையேல் அவர்கள் கணினியில் அந்த எழுத்துரு இல்லாமல் வேறொன்று வந்து உட்காரும். பளபளப்பில்லாத மேட் லேமினேஷன் கறுப்பைச் சாம்பலாக்கும், விரல் ரேகையும் தெரியும். இருண்ட அட்டை என்றால் பளபளக்கும் கிளாஸ் லேமினேஷன் கேளுங்கள், மொத்தமாக அடிக்கும் முன் அதே தாளில் ஒரு மாதிரி வாங்கிப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.