பறப்பு மணி சேர்க்கிறீர்களா? அரிசோனாவில் எங்கே போகலாம், எப்படிப் போகலாம்

பீனிக்ஸ் பக்கம் டியர் வேலி, ஃபால்கன் ஃபீல்ட், சான்ட்லர் என்று எந்த ஏர்போர்ட்டில் விமானம் ஓட்டப் படித்தாலும் கதை ஒன்றுதான். பிரைவேட் லைசென்ஸ் கைக்கு வந்ததும் பக்கத்தில் ஒரு ஊரைப் பிடித்துக்கொண்டு, அங்கேயே போய் வந்து போய் வந்து லாக்புக்கை நிரப்புகிறார்கள். பத்தாவது தடவை போகும்போது சார்ட்டைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. செஸ்னா 172க்கு மணி வாடகை எங்கே போனாலும் அதேதான், அப்புறம் ஏன் அந்தக் காசைப் பார்த்த ஊரிலேயே கொட்ட வேண்டும்? அரிசோனாவிலும் அதன் ஓரத்திலும் அழகான இடங்கள் ஏராளம். அதைவிட முக்கியமான விஷயம், ஒவ்வொரு இடமும் பைலட்டிடம் வெவ்வேறு வேலையைக் கேட்கும். இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது போட்டோ நன்றாக வருமா என்பதோடு, அங்கே போக நான் என்ன புதிதாகக் கணக்குப் போட வேண்டியிருக்கும் என்றும் பாருங்கள்.

முதலில் கணக்கு. அமெரிக்க விதிப்படி இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்குக்கு (வெளியே தெரியாதபோது கருவிகளை நம்பிப் பறக்கும் அனுமதி) 50 மணி நேரம் பி.ஐ.சி. கிராஸ்கன்ட்ரி, அதாவது விமானத்துக்கு நீங்களே பொறுப்பாக இருந்து ஊர் விட்டு ஊர் போகும் பறப்பு, வேண்டும். அந்தக் கணக்கில் சேர, கிளம்பிய இடத்திலிருந்து நேர்கோட்டில் 50 நாட்டிக்கல் மைலுக்கு (இனி மைல் என்றாலே இதுதான்) மேல் உள்ள ஓரிடத்தில் இறங்கியிருக்க வேண்டும். சுற்றிச் சுற்றி 80 மைல் பறந்து 45 மைல் தள்ளி இறங்கினால் அது செல்லாது. டியர் வேலியிலிருந்து பேசன் இப்படித்தான், 50ஐத் தொட்டும் தொடாமலும் இருக்கும், அளந்து பார்க்காமல் போகாதீர்கள். பிரெஸ்காட் சுமார் 60 மைல், பிரச்சினை இல்லை. கமர்ஷியல் லைசென்ஸுக்கு (சம்பளத்துக்கு விமானம் ஓட்ட) மொத்தம் 300 மைல், மூன்று இடத்தில் இறங்குவது, அதில் ஒன்று கிளம்பிய இடத்திலிருந்து நேர்கோட்டில் 250 மைலாவது தள்ளி இருப்பது என்று ஒரு நீண்ட சோலோ பயணம் உண்டு. ஊருக்குத் திரும்பி இந்திய லைசென்ஸ் வாங்கப் போகிறவர்கள் இன்னொன்றையும் மனதில் வையுங்கள். இந்திய விமான ஒழுங்குமுறை அமைப்பான டி.ஜி.சி.ஏ.வும் ஒரு 300 மைல் பயணம் கேட்கிறது, வழியில் இரண்டு வேறு ஏர்போர்ட்டில் ஃபுல் ஸ்டாப் இறக்கத்தோடு. டச் அண்ட் கோ (சக்கரம் தொட்டதும் நிற்காமல் மறுபடி கிளம்புவது) பழக்கத்தை அன்றைக்கு ஒதுக்கி வைத்துவிட்டு முழுசாக நிறுத்தி, லாக்புக்கில் அப்படியே எழுதுங்கள்.

சரி, இடங்களுக்கு வருவோம்.

எல்லோருக்கும் முதல் ஆசை செடோனா. டியர் வேலியிலிருந்து சுமார் 70 மைல், 17ஆம் எண் நெடுஞ்சாலையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே வடக்கே போனால் வெர்டே பள்ளத்தாக்கு வரும், அதைத் தாண்டியதும் சிவப்புப் பாறைகள் எழும்பி நிற்கும். ஊரைவிட ஏறக்குறைய 500 அடி உயரத்தில், தலை தட்டையான ஒரு குன்றின் மேல் ரன்வே போட்டிருக்கிறார்கள். கடல் மட்டத்திலிருந்து 4,830 அடி, நீளம் 5,132 அடி, இரண்டு முனையிலும் பள்ளம். கட்டுப்பாட்டு டவர் கிடையாது. ரன்வே 3 (எதிர்த்திசையில் அதுவே 21) மேட்டைப் பார்த்து ஏறுகிறது, அதனால் காற்று இடம் கொடுத்தால் 3இல் இறங்கி 21இல் கிளம்புவதுதான் அங்கே வழக்கம்.

இங்கேதான் கொஞ்சம் கவனம் வேண்டும். ஏறுமுகமான ரன்வேயைப் பார்த்து வரும்போது நாம் ரொம்ப உயரத்தில் இருப்பதாகக் கண் பொய் சொல்லும், கை தானாகவே பவரைக் குறைக்கும். அதே சமயம் எதிர்க்காற்று கொஞ்சம் பலமாக இருந்தால், குன்றின் விளிம்பைத் தாண்டிய காற்று கீழே வழிந்து, ஃபைனலின் (ரன்வேயை நோக்கி நேராக இறங்கி வரும் பகுதி) கடைசிக் கட்டத்தில் விமானத்தையும் கூடவே இழுக்கும். இரண்டும் உங்களைக் கீழே கொண்டுபோகிற விஷயங்கள், இரண்டும் ஒரே நேரத்தில் வரும். அதனால் வழக்கத்தைவிடச் சற்று உயரம் வைத்துக்கொண்டு வாருங்கள், விளிம்பைத் தாண்டும்வரை த்ராட்டிலிலிருந்து கையை எடுக்காதீர்கள். முதல் தடவை இன்ஸ்ட்ரக்டரோடு போவது நல்லது, சில ஸ்கூல்களில் அது கட்டாயமும்கூட. 21இல் கிளம்பும்போது ரன்வே முடிந்ததும் தரை சட்டென்று விலகிவிடும். அந்த நேரத்தில் மூக்கைத் தூக்கத் தோன்றும், தூக்காமல் வேகம் வரட்டும். ரன்வே பக்கத்திலேயே சாப்பாட்டுக்கு உணவகம் உண்டு, வார இறுதியில் பார்க்கிங்குக்கு இடம் கிடைப்பதுதான் கஷ்டம். சுற்றியுள்ள வனப்பகுதி மேல் தரையிலிருந்து 2,000 அடிக்குக் குறையாமல் பறக்கும்படி கேட்டுக்கொள்கிறார்கள். போட்டோவுக்காகப் பாறைகளுக்கு நடுவே நுழைகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக வரும்.

அடுத்தது வின்ஸ்லோ, டியர் வேலியிலிருந்து சுமார் 105 மைல். இங்கே அதிகம் பேர் போவதில்லை, ஏன் என்று எனக்குப் புரியவில்லை. 1929இல் டிரான்ஸ்கான்டினென்டல் ஏர் டிரான்ஸ்போர்ட் கம்பெனிக்காக சார்லஸ் லிண்ட்பெர்க் வடிவமைத்த ஏர்போர்ட் இது, அவர் பெயர்தான் இன்றும் இருக்கிறது. ரன்வேக்கள் 7,000 அடிக்கு மேல், போக்குவரத்தும் குறைவு, குறுக்குக் காற்றில் நிதானமாகப் பழகலாம். வழியில் மேற்கே கொஞ்சம் ஒதுங்கினால் விண்கல் பள்ளம் தெரியும். 50,000 ஆண்டுகளுக்கு முன் விழுந்த கல் தோண்டிய குழி, அகலம் சுமார் 1,200 மீட்டர், ஆழம் சுமார் 170 மீட்டர். மேலிருந்து பார்த்தால் யாரோ கரண்டியால் வழித்தெடுத்த மாதிரி இருக்கும். 1964இல் ஒரு செஸ்னா 150இல் இரண்டு பைலட்டுகள் அந்தக் குழிக்குள் தாழப் பறந்துவிட்டு, விளிம்பைத் தாண்டி ஏற முடியாமல் உள்ளேயே வட்டம் அடித்து, கடைசியில் ஸ்டால் ஆகி (இறக்கை தூக்கும் சக்தியை இழந்து) விழுந்தார்கள். காயத்தோடு உயிர் பிழைத்தது அவர்கள் அதிர்ஷ்டம். தரையே 5,000 அடிக்கு மேல் இருக்கும் இடத்தில் சின்ன இன்ஜினுக்கு ஏறும் சக்தி எவ்வளவு மிச்சம் இருக்கும் என்பதை பர்ஃபார்மன்ஸ் சார்ட்டில் ஒரு தடவை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். 172ஐ வைத்துக்கொண்டு குழியை மேலிருந்து, நல்ல உயரத்திலிருந்து பார்த்தால் போதும்.

கிராண்ட் கேன்யனுக்கு வருவோம். ஏர்போர்ட் டியர் வேலியிலிருந்து சுமார் 136 மைல், தெற்கு விளிம்பை ஒட்டி, உயரம் 6,609 அடி, கிட்டத்தட்ட 9,000 அடி நீள ரன்வே, டவர் உண்டு. ஏர்போர்ட்டில் இறங்குவது சுலபம். பள்ளத்தாக்கின் மேல் பறப்பதுதான் தனிப் பாடம், ஏனென்றால் அதற்கென்றே தனி விதிகள் இருக்கின்றன. 1956இல் இரண்டு பயணிகள் விமானங்கள் இதன் மேல் மோதி 128 பேர் இறந்தார்கள். 1986இல் சுற்றுலா விமானமும் ஹெலிகாப்டரும் மோதி 25 பேர். இப்போது பெரும்பகுதி 14,500 அடி வரை பறக்கக் கூடாத மண்டலம். நம் மாதிரி ஆட்களுக்கு நான்கு வழிகளைத் திறந்து வைத்திருக்கிறார்கள்: ஜூனி பாயின்ட், டிராகன், ஃபாசில் கேன்யன், டக்கப். அவற்றில் வடக்கே போனால் 11,500 அல்லது 13,500 அடி, தெற்கே வந்தால் 10,500 அல்லது 12,500. சாதாரண செக்‌ஷனல் சார்ட் போதாது, கிராண்ட் கேன்யனுக்கென்று தனி சார்ட் இருக்கிறது, அதை வாங்கி முந்தின நாள் இரவே வழிகளின் எல்லைகளைப் பார்த்து வையுங்கள்.

172க்கு நடைமுறையில் ஒத்துவருவது ஜூனியில் 11,500இல் வடக்கே போய், டிராகனில் 10,500இல் தெற்கே திரும்புவது. 12,500க்கு மேல் அரை மணி நேரத்தைத் தாண்டினால் ஆக்சிஜன் வேண்டும், அந்தத் தலைவலியே வேண்டாம். தேவையான உயரத்தை உள்ளே நுழைந்து ஏறலாம் என்று நினைக்காதீர்கள், தெற்கே தட்டையான நிலத்தின் மேலேயே வட்டமடித்து ஏறிவிட்டு அப்புறம் நுழையுங்கள். வடக்கு விளிம்பு 8,000 அடிக்கும் மேல், அதனால் அந்தப் பக்கம் தரை நீங்கள் நினைப்பதைவிடப் பக்கத்தில் இருக்கும்.

கேன்யன் ஏர்போர்ட்டில் கோடை மத்தியானம் 30 டிகிரி அடித்தால் டென்சிட்டி ஆல்டிடியூட், அதாவது காற்று எவ்வளவு மெலிந்திருக்கிறது என்பதை உயரக் கணக்கில் சொல்வது, ஏறக்குறைய 10,000 அடியைத் தொடும். நாலு பேரும் டாங்க் நிறைய ஃபியூலுமாக அங்கிருந்து கிளம்பலாம் என்று நினைப்பவர்கள் முதலில் பேப்பரில் கிளம்பிப் பார்க்கட்டும். இருவர் மட்டும் போங்கள், டாங்கை நிரப்பாமல் தேவைக்கும் ரிசர்வுக்கும் போதுமான அளவு போடுங்கள், ரன்னப்பிலேயே (கிளம்பும் முன் இன்ஜினைச் சோதிக்கும்போதே) மிக்ஸ்சரை லீன் செய்யுங்கள், அதாவது காற்றோடு கலக்கும் ஃபியூலைக் குறையுங்கள். கீழே பீனிக்ஸில் முழு ரிச்சில் கிளம்பிப் பழகிய கை இதை மறந்துவிடும்.

கமர்ஷியலின் நீண்ட பயணத்துக்கு என் ஓட்டு பேஜ், யூட்டாவின் பிரைஸ் கேன்யன் பக்கம். பேஜில் க்ளென் கேன்யன் அணையும் பவல் ஏரியும், சிவப்புப் பாலைவனத்துக்கு நடுவே நீலத் தண்ணீர், ஆறு குதிரை லாடம் போல் வளையும் இடம் எல்லாம் இறங்கும் முன்பே கண்ணில் படும். சுற்றுலா விமானங்கள் நிறைய, எனவே ரேடியோவில் உங்கள் இடத்தைத் தெளிவாகச் சொல்லுங்கள். அங்கிருந்து பிரைஸ் 57 மைல், ஏர்போர்ட் 7,590 அடி உயரம். ஆனால் ஒரு சிக்கல். டியர் வேலியிலிருந்து பிரைஸுக்கு நேர்கோட்டில் சுமார் 241 மைல்தான், 250 வராது. ஃபால்கன் ஃபீல்டிலிருந்து 255, சான்ட்லரிலிருந்து 266. அதாவது அதே விமானப் பயணம், கிளம்பிய ஏர்போர்ட்டைப் பொறுத்துச் செல்லும் அல்லது செல்லாது. டியர் வேலிக்காரர்கள் வேறு ஊர் பார்க்க வேண்டியதுதான்.

உயரம் அலுத்துவிட்டால் மேற்கே லேக் ஹவாசு. டியர் வேலியிலிருந்து 125 மைல், ஏர்போர்ட் உயரம் 800 அடிகூட இல்லை. லண்டனில் தேம்ஸ் மேல் இருந்த பாலத்தை 1968இல் ராபர்ட் மெக்கல்லக் விலைக்கு வாங்கி, கல் கல்லாகக் கொண்டுவந்து 1971இல் இங்கே கட்டி முடித்தார், மேலிருந்து வளைவுகள் தெளிவாகத் தெரியும். காலையில் போனால் வெயில் முதுகில், இதைவிடச் சுகம் வேறென்ன. வழியில் கிளாடன், பேக்டாட் ராணுவப் பயிற்சி மண்டலங்கள் இருக்கின்றன, லூக் தளத்துப் போர் விமானங்களும் சுற்றும், ஃப்ளைட் ஃபாலோயிங் (ரேடாரில் நம்மைக் கவனித்துப் பக்கத்து விமானங்களைச் சொல்லும் சேவை) கேட்டுக்கொண்டு போங்கள்.

மான்யுமென்ட் வேலியை மேலிருந்து பார்த்தால் போதும். அங்கே இருக்கும் தனியார் ஓடுதளம் ஒரு பக்கமாக இறங்கி மறுபக்கமாகவே கிளம்ப வேண்டிய இடம், பயிற்சி விமானத்தில் போக வாடகைக்காரர்கள் பெரும்பாலும் விடமாட்டார்கள். டெத் வேலியில் ஃபர்னஸ் க்ரீக் கடல் மட்டத்துக்கு 210 அடி கீழே, ஆல்டிமீட்டர் பூஜ்யத்துக்குக் கீழே போவதைப் பார்க்கவே சிலர் போகிறார்கள். ஓடுதளம் மோசமாக இருக்கலாம், நோட்டாம் (பைலட்டுகளுக்கான எச்சரிக்கை அறிவிப்பு) பார்க்காமல் கிளம்பாதீர்கள், குளிர்காலத்தில் மட்டும் யோசியுங்கள்.

எந்த ஊராக இருந்தாலும் விடியும்போது சக்கரம் தரையை விட்டு எழும்ப வேண்டும், மத்தியானத்துக்குள் திரும்பியிருக்க வேண்டும். ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் முடிய மழைக்காலம், மதியத்துக்கு மேல் இடியும் புழுதிப் புயலும் எங்கிருந்து வரும் என்றே தெரியாது. வசந்தத்தில் காற்று பலமாக இருக்கும், மேட்டு ஊர்களில் குளிர்காலப் பனி வேறு. அக்டோபர், நவம்பர்தான் சொர்க்கம். ஆளுக்கு இரண்டு மூன்று லிட்டர் தண்ணீரைப் பின் சீட்டில் போடாமல் போகாதீர்கள், பாலைவனத்தில் இறங்க நேர்ந்தால் முதலில் தேவைப்படுவது அதுதான். அப்புறம் மணிக்கணக்கு. அரிசோனா கோடையில் கடிகாரத்தை மாற்றாது, யூட்டா மாற்றும், நவஹோ பகுதியும் மாற்றும், எனவே பேஜ், பிரைஸ் பயணத்தில் நேரத்தை எல்லாம் யூ.டி.சி. என்ற உலகப் பொது நேரத்திலேயே குறித்துவிட்டால் குழப்பம் இல்லை. இரவு தங்குகிற எண்ணம் இருந்தால், வாடகைக்காரர் ஒரு நாளைக்குக் குறைந்தபட்சம் எத்தனை மணிக்குக் காசு கேட்பார் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள், கட்டிப்போடக் கயிறு விமானத்தில் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.