டாக்டர் 'போக வேண்டாம்' என்றாலும் டிஸ்சார்ஜ் ஆவது எப்படி?

சுயநினைவோடு இருக்கும் வயதுவந்த நோயாளி ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லலாம். பரிசோதனைக்கு மட்டும் சம்மதித்த பெண்ணுக்கு, அவர் மயக்கத்தில் இருந்தபோது அம்மாவிடம் கேட்டுக் கருப்பையை எடுத்தது தவறு என்று 2008இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

சரி, கிளம்பும் முன் டாக்டரிடம் கேளுங்கள்: போனால் என்ன ஆகும், எந்த அறிகுறி வந்தால் உடனே ஓடி வர வேண்டும்? கோபத்தில் இதை விட்டுவிடுகிறோம்.

அப்புறம் 'மருத்துவ ஆலோசனையை மீறி' என்று ஒரு தாளை நீட்டுவார்கள். படித்துவிட்டு, காரணத்தை உங்கள் கையாலேயே எழுதி நீங்களே கையெழுத்துப் போடுங்கள் (சித்தப்பா வேண்டாம்), போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் எல்லாம் கேட்டு வாங்குங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு விதி.