போர்ஷே 911-க்குப் புது பேட்டரி வாங்கும் முன்

செல்ஃப் எடுக்கவில்லை என்றதும் பேட்டரி போய்விட்டது என்று முடிவு கட்டுவதுதான் முதல் தவறு. 997 தலைமுறை 911 (2004 முதல் 2012 வரை வந்தது) வைத்திருப்பவர்கள் பலர் இப்படித்தான் நல்ல பேட்டரியைத் தூக்கிப் போட்டுவிட்டு, புதுசும் இறங்கிப்போனதும் ஆல்டர்னேட்டரில் (இன்ஜின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஜெனரேட்டர்) கை வைக்கிறார்கள்.

இந்த மாதிரி கார்கள் ஓடுவதைவிட நிற்பதுதான் அதிகம். பூட்டி நிறுத்தினாலும் அலாரமும் ரிமோட் சிக்னலுக்காகக் காத்திருக்கும் ரிசீவரும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்ட் இழுக்கும். 50 மில்லி ஆம்பியர் என்றே வையுங்கள், நாளைக்கு 1.2 ஆம்பியர்-அவர், மாதத்துக்கு 36. 70 ஆம்பியர்-அவர் பேட்டரியில் பாதி காலி. எங்கேயும் கோளாறு இல்லாமலேயே இப்படி ஆகும். நிற்கிற காருக்கு ஒரு மெயின்டனர் சார்ஜர் (பேட்டரியை இறங்கவிடாமல் நிறைவாகவே வைத்திருப்பது) மாட்டிவைத்தால் பாதிப் பிரச்சினை வராது. "ஒரு ரவுண்டு போய் வந்தால் ஏறிவிடும்" என்பதை நம்பாதீர்கள், சுத்தமாக இறங்கிய பேட்டரியை அரை மணி நேர ஓட்டம் நிரப்பாது, ஆல்டர்னேட்டர் சூடாகித் திணறுவதுதான் மிச்சம்.

சரி, அளந்து பாருங்கள். சில மணி நேரம் சும்மா நின்ற பேட்டரியில் 12.6 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். 13-ஐ ஒட்டியே நின்றால் உடனே ஆல்டர்னேட்டரைக் கழற்றச் சொல்வார்கள், அங்கேதான் அவசரப்படக்கூடாது. 911-இல் இன்ஜின் பின்னால், பேட்டரி முன்னால். ஆல்டர்னேட்டரிலிருந்து ஸ்டார்ட்டர் (செல்ஃப் மோட்டார்) வழியாக வரும் தடித்த கேபிள் நாளாக ஆக உள்ளுக்குள் அரித்துப்போவது இந்தக் காரில் பேர்போன வியாதி. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. இன்ஜின் சூடாக இருக்கும்போது செல்ஃப் மந்தமாகச் சுற்றும், ஆறினால் ஒழுங்காக எடுக்கும். இந்த அறிகுறி தெரிந்தால் கேபிளைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். ஹெட்லைட், ஏசி எல்லாம் போட்டு இன்ஜினை ஓடவிட்டு, ஆல்டர்னேட்டரின் பாசிட்டிவ் முனையில் ஒரு முறை, பேட்டரியில் ஒரு முறை அளந்து பாருங்கள். அங்கே 14.2, இங்கே 13.2 என்றால் ஆல்டர்னேட்டர் தன் வேலையைச் செய்கிறது, வழியில்தான் இழப்பு. எர்த் பக்கத்தையும் இதேபோல் பார்த்துவிடுங்கள்.

பேட்டரியே போய்விட்டது, மாற்றத்தான் வேண்டும் என்றால் அடுத்த சிக்கல், அது இருக்கும் முன்பக்க டிக்கி கரண்டில்தான் திறக்கும். கரண்டைக் கொடுக்கும் பேட்டரியோ உள்ளே! கடப்பாரையைத் தேடாதீர்கள். கதவைச் சாவியால் திறந்து, கால்வைக்கும் இடத்தின் பக்கவாட்டில் உள்ள ஃபியூஸ் பெட்டியைப் பாருங்கள், வெளியே இழுக்கிற மாதிரி ஒரு பாசிட்டிவ் முனை இருக்கும். வேறொரு 12 வோல்ட் பேட்டரியின் பாசிட்டிவை அதிலும், நெகட்டிவைக் கதவு மூடும்போது பூட்டு மாட்டிக்கொள்ளும் உலோகக் கொக்கியிலும் கொடுத்துச் சாவியில் உள்ள டிக்கி பட்டனை அழுத்தினால் திறந்துவிடும் (அலாரம் கத்தலாம், பயப்பட வேண்டாம்). இந்த முனை டிக்கி திறக்க மட்டும்தான், இதில் ஜம்ப் ஸ்டார்ட் செய்யப் பார்த்தால் வயர் கருகும். அப்புறம், பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு டிக்கியை மூடிவிடாதீர்கள்.

கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது அது கடைசியில். பாசிட்டிவில் இருக்கும் ஸ்பேனர் பாடியில் பட்டால் பொறி பறக்கும், அதற்காகத்தான். பழைய பேட்டரியில் வாயு வெளியேறும் ட்யூப் இருந்தால் புதியதிலும் அதை மறக்காமல் மாட்டுங்கள், ஹைட்ரஜனும் ஆசிட் ஆவியும் டிக்கிக்குள் தங்கக்கூடாது. ஆல்டர்னேட்டரைச் சோதிக்கிறேன் என்று இன்ஜின் ஓடும்போதே டெர்மினலைக் கழற்றுவது பழைய காலத்து வித்தை. வோல்ட்டேஜ் சட்டென்று எகிறிக் கண்ட்ரோல் யூனிட்டைச் சாகடித்துவிடும், அதன் விலைக்குப் பத்து பேட்டரி வாங்கலாம்.

எடை குறையும் என்று லித்தியத்துக்குத் தாவுபவர்களுக்கு ஒரு வார்த்தை. 911-இன் ரேஸ் டிராக் ரகமான ஜிடி3-இன் 2010 மாடலுக்கு போர்ஷேவே லித்தியம் பேட்டரி விற்றது, 6 கிலோவுக்கும் குறைவு, சாதாரணத்தைவிட 10 கிலோ மிச்சம். ஆனால் குளிருக்கென்று சாதாரண பேட்டரி ஒன்றையும் கூடவே கொடுத்தார்கள். ரேஸ் டிராக்குக்குப் போகாதவருக்கு ஏஜிஎம் (ஆசிட்டைக் கண்ணாடி இழைப் பாயில் உறிஞ்சிவைத்த, சீல் செய்த ஈய பேட்டரி) போதும், சார்ஜரிலும் அதற்கான மோடையே வையுங்கள்.

எல்லாம் மாட்டியதும் கதவுக் கண்ணாடி பாதியில் நின்றால் பதற வேண்டாம். பட்டனைப் பிடித்தபடி முழுக்க மேலே ஏற்றி, இன்னொரு முறை அழுத்திப் பிடித்தால் பழைய எல்லையைக் கற்றுக்கொள்ளும். அதுவரை கதவை அறைந்து சாத்தாதீர்கள், சுற்றிலும் ஃபிரேம் இல்லாத இந்தக் கண்ணாடி, கதவு மூடும்போது வழக்கம்போல் கொஞ்சம் கீழிறங்காமல் ரப்பரில் மோதும்.