சிரட்டையில் முளைப்பாரி: சின்னப் பிள்ளைகளோடு ஓர் ஆடித் திருவிழா

பால்வாடிகளில் திருவிழா என்றால் பிள்ளைக்குப் பட்டுப்பாவாடை கட்டி, வரிசையில் நிறுத்தி, போட்டோ எடுத்து அனுப்புவது என்று ஆகிவருகிறது. எனக்கு அதில் வருத்தம்தான். மூன்று, நான்கு வயதில் பிள்ளைகள் கையால் தொட்டுச் செய்ததுதான் மனதில் நிற்கும். தினமும் தண்ணீர் தெளித்து வளர்த்த பயிரைத் தூக்கிக்கொண்டு நடந்தால், அது அவர்களுடைய திருவிழா. ராமநாதபுரம் பக்கம் அதற்கு ஏற்ற விழா கையருகே இருக்கிறது, முளைப்பாரி. அம்மனுக்காகப் பயறு, தானியங்களை முளைக்கவைத்து வளர்த்து, ஊர்வலமாக எடுத்துப் போய்த் தண்ணீரில் கரைக்கும் விழா அது. புதிதாகச் செய்பவர்களுக்காக எழுதுகிறேன்.

1. நாள் குறிப்பது

உங்கள் ஊரில் முளைப்பாரி எடுக்கும் நாளைக் கேளுங்கள். பல ஊர்களில் ஆடி. சில ஊர்களில் பங்குனி, ஆவணி. அந்த நாளுக்கு ஒன்பது நாள் முன்னால் பயறை ஊறவைக்கத் தொடங்கினால் சரியாக இருக்கும். இடையில் வரும் ஞாயிற்றுக்கிழமை யார் தண்ணீர் தெளிப்பது என்று முன்பே பேசிவிடுங்கள். கச்சான் காற்று (மேல்காற்று) அடிக்கும் நாட்களில் மண் சீக்கிரம் காய்ந்துவிடும்.

2. மண்ணும் தண்ணீரும்

கடற்கரை ஊர்களில் காரியம் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். வாசலில் கிடக்கும் கடல் மணலை அள்ளாதீர்கள். மண்ணில் உப்பு மிகுந்தால் விதையால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. ஊறாத விதை முளைக்காது. கண்மாய் வண்டல் மண்ணோடு நன்றாக மக்கிய தொழு உரத்தைக் கலந்து கொள்ளுங்கள். வீட்டுப் பெரியவர்கள் ஆட்டுப்புழுக்கையும் போடுவார்கள். சின்னக் கைகள் அளையும் இடத்தில் அது வேண்டாம். கிணற்றுத் தண்ணீர் கரித்தால் அதையும் விட்டுவிடுங்கள். குடத்தில் பிடித்து வைத்த காவிரிக் குடிநீரே போதும், கொஞ்சம் தண்ணீர்தான் செலவாகும்.

3. சிரட்டை

பெரியவர்கள் பயிர் வளர்க்கும் மண் ஓடு விழுந்தால் உடையும். அதனால் பிள்ளைக்கு இரண்டு தேங்காய்ச் சிரட்டை. கண்ணுள்ள பாதியாகப் பார்த்து எடுத்து, மிருதுவான கண்ணை ஆணியால் நீங்களே குத்திவிடுங்கள், தண்ணீர் வடியும். அடியில் துண்டாக்கிய வைக்கோல், மேலே மண். மண் அள்ளும் வேலையைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள். சிந்தட்டும்.

4. முத்து (விதை) பரப்புதல்

பெரியவர்கள் நவதானியம் போடுவார்கள். இவர்களுக்குத் தட்டைப்பயறு, பாசிப்பயறு, கேழ்வரகு மூன்றும் போதும். பலசரக்குக் கடையில் உடைக்காத முழுப் பயறாக வாங்குங்கள். விதைக்கடை விதையில் பூச்சிமருந்து பூசியிருப்பார்கள். அது பிள்ளைகள் கைக்கே வரக்கூடாது. இரவு முழுக்க ஊறவைத்து, வடித்து, ஈரத்துணியில் ஒரு நாள் கட்டி வைத்தால் முளை எட்டிப் பார்க்கும். அப்புறம் பரப்பலாம்.

இந்த வயதில் பயறு மூக்குக்கும் காதுக்கும் போவது சாதாரணம். கிண்ணத்தோடு கொடுக்காமல் உள்ளங்கையில் கொஞ்சமாகக் கொடுங்கள், அது தீர்ந்ததும் அடுத்தது. பரப்பி, மெல்லிசாக மண் தூவி, எல்லோரும் கை கழுவ வேண்டும்.

5. இருட்டும் வெளிச்சமும்

ஒரு சிரட்டையை அட்டைப்பெட்டிக்குள் மூடி வையுங்கள், இன்னொன்றை ஜன்னல் ஓரத்தில் வையுங்கள். காலையும் மாலையும் கையால் தண்ணீர் தெளிக்கச் சொல்லுங்கள், ஊற்றக் கூடாது. மூன்று நான்கு நாளில் இரண்டும் வேறு வேறாகத் தெரியும். வெளிச்சம் படாத பயிரில் பச்சையம் உண்டாகாது. வெளிச்சத்தைத் தேடி நெடுநெடுவென்று மஞ்சளாக வளரும். ஜன்னல் பயிர் குட்டையாக, பச்சையாக நிற்கும். நீங்கள் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. ‘இது ஏன் மஞ்சள்?’ என்று பிள்ளையே கேட்கும்வரை காத்திருங்கள். விரலால் உயரம் அளந்து பார்க்கட்டும்.

வேர் பக்கம் வெள்ளைப் பஞ்சு போலத் தெரிந்தால் பயப்படாதீர்கள். தண்ணீர் தெளித்ததும் மறைந்தால் அது வேர்த்தூவி, வேரின் மெல்லிய இழைகள். மறையாமல் நாற்றமும் அடித்தால் பூஞ்சணம், அந்தச் சிரட்டையை அப்புறப்படுத்திவிட்டுத் தண்ணீரைக் குறையுங்கள்.

6. கும்மி

முளைப்பாரிக்கென்று ஊரில் இருக்கும் முளைக்கொட்டுத் திண்ணையைச் சுற்றி அம்மாக்கள் கும்மி கொட்டுவதைப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். ஆனாலும் மூன்று வயதில் தட்டிக்கொண்டே நடப்பது கஷ்டம். முதலில் நின்ற இடத்தில் கைதட்டல், அடுத்த நாள் வட்டமாக நடை, அதற்கப்புறம் இரண்டையும் சேர்க்கலாம். பாட்டி யாராவது வந்து பாட்டுச் சொல்லிக் கொடுத்தால் அதைவிட நல்லது வேறில்லை, கட்டாயம் கூப்பிடுங்கள்.

நம் கரையில் ஒரே பால்வாடியில் அம்மன் கோயில் வீட்டுப் பிள்ளை, பள்ளிவாசல் தெருப் பிள்ளை, மாதா கோயில் பிள்ளை மூவரும் உட்காருவார்கள். சாமி கும்பிடுவதை வீட்டுக்கு விட்டுவிட்டு, பயிர் வளர்ப்பதையும் கும்மியையும் மட்டும் இங்கே வைத்துக்கொள்ளலாம். என்ன செய்யப் போகிறோம் என்று எல்லா வீட்டிலும் முன்கூட்டியே சொல்லுங்கள். கும்மி வேண்டாம் என்று ஒரு வீட்டில் சொன்னால் வற்புறுத்தாதீர்கள். அந்தப் பிள்ளைக்குத் தண்ணீர் தெளிக்கும் பொறுப்பைக் கொடுங்கள்.

7. கரைப்பது

ஊரில் ஊரணியிலோ கடலிலோ கரைப்பார்கள். பிள்ளைகளை அங்கே கூட்டிப் போகாதீர்கள். சிரட்டையை ஏந்தி முற்றத்தை ஒரு சுற்று சுற்றி வந்து, பெரிய அண்டாவில் கரைத்தால் போதும். கரைக்கும்போதும் பக்கத்திலேயே நில்லுங்கள்; முடிந்த கையோடு தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். மஞ்சள் பயிரை ஆட்டுக்குப் போடலாம். ஜன்னல் ஓரத்துப் பாசிப்பயறைக் கரைக்காமல் வேலியோரம், உப்புக்காற்று நேரே படாத இடமாகப் பார்த்து நட்டுவிடுங்கள். தண்ணீர் விட்டு வந்தால் இரண்டு மாதத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகும்போது காய் முற்றும்.