கல்லறைத் தரையிலிருந்து குதிரை முதுகுக்கு: தகட்டுக் கவசம் கோக்கப் பழகுவோம்

தென்கொரியாவின் கியோங்ஜு நகரில், ஜொக்செம் பகுதியில் சி10 என்று எண்ணிட்ட கல்லறையை 2009-இல் அகழ்ந்தார்கள். 5-ஆம் நூற்றாண்டு, பழைய கொரிய அரசுகளில் ஒன்றான சில்லாவின் காலம். மர அறையின் தரையில் பாய் விரித்ததுபோல் ஒரு குதிரைக் கவசம் கிடந்தது. கழுத்தும் மார்பும் ஒரு பக்கம், நடுவே உடல், அடுத்து பின்புறம் என்று குதிரைமேல் இருந்த வரிசை கலையவில்லை. அதன்மேல் வீரனின் கவசம். குதிரைக்கு மட்டும் 740 இரும்புத் தகடுகள். அவற்றை ஆராய்ந்து மீட்க ஏறக்குறைய பத்தாண்டுகள் பிடித்தன. நாம் 15 தகடுகளோடு தொடங்குவோம்.

தேவை: கெட்டியான அட்டை, துளையிடும் பஞ்ச், பருத்தி நாடா, பென்சில், ஒரு தலையணை.

1. முதலில் அகழாய்வு வரைபடத்தைப் பாருங்கள், தகட்டை அல்ல. எந்தத் தகடு எதன் பக்கத்தில், எந்த முகம் மேலே என்பதுதான் நம் சாட்சி. கோத்த வார் மட்கிப்போய்விடும். தகடுகளின் வரிசை மட்டும் மண்ணில் நிற்கும். ஒவ்வொன்றுக்கும் எண் கொடுங்கள்.

2. அடுத்து துரு. இதில் அவசரமே கூடாது. பக்கத்துத் தகடு ஏறிக்கிடந்த இடத்தில் அதன் விளிம்பு துருவில் கோடாகப் பதிந்திருக்கும். அந்தக் கோட்டிலிருந்து தகட்டின் ஓரம் வரை அளந்தால், எவ்வளவு ஏறிக்கிடந்தது என்பது கிடைத்துவிடும். துளையைச் சுற்றித் தோல் வாரோ துணியோ துருவோடு இறுகி, இழை தெரியும்படி நிற்பதும் உண்டு. 'சுத்தம் செய்கிறேன்' என்று துருவைச் சுரண்டினால், வாரைக் கட்டிய கை எப்படிப் போனது என்ற தடயமும் அதோடு போய்விடும்.

3. அட்டையில் 6 × 10 செ.மீ. அளவில் 15 துண்டுகள் வெட்டுங்கள். இது பயிற்சிக்காக நான் எடுத்த அளவு. எல்லாவற்றிலும் துளைகள் ஒரே இடத்தில் விழ வேண்டும். ஒரு துண்டை அச்சாக வைத்து மற்றவற்றைக் குறியுங்கள்.

4. ஐந்தைந்தாக மூன்று வரிசை கோத்துக்கொள்ளுங்கள். செதில் கவசத்தில் தகட்டைத் துணியிலோ தோலிலோ தைப்பார்கள். இது அப்படியல்ல: தகட்டைத் தகட்டோடு கட்ட வேண்டும், பின்னால் தாங்க எதுவும் இல்லை. ஆகவே நாடாவின் இறுக்கம்தான் எல்லாம். நான் முதலில் கோத்த துண்டு பலகையாக விறைத்து நின்றது. குதிரை அதோடு தோளை அசைத்திருக்கவே முடியாது. வரிசைக்குள் இறுக்கமாகவும், வரிசைக்கும் வரிசைக்கும் நடுவே சற்றுத் தளர்வாகவும் கட்டிப் பாருங்கள்.

5. தலையணைமேல் போர்த்துங்கள். வளைவில் இடைவெளி தெரிந்தால் நாடா தளர்வு. விளிம்பு தூக்கினால் இறுக்கம். எடையையும் கணக்கிடலாம். சி10 குதிரைக் கவசம் சுமார் 36 கிலோ. 740-ஆல் வகுத்தால் தகட்டுக்கு 50 கிராமுக்குச் சற்றுக் குறைவு. நம் அட்டையளவில் 1 மி.மீ. இரும்புத் தகடு வெட்டினால் சுமார் 47 கிராம் வரும். இரண்டும் இவ்வளவு நெருங்கி வந்ததைப் பார்த்தபோது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

6. கடைசியாகத்தான் ஓவியம். வடகொரியாவில் உள்ள, கி.பி. 357-ஐச் சேர்ந்த அனாக் 3-ஆம் கல்லறைச் சுவரில் கவசக் குதிரைகள் அணிவகுத்துப் போகின்றன. ஆனால் அது சில்லாவுக்கு வடக்கே இருந்த கொகுர்யோ நாட்டு ஓவியம், காலத்திலும் முந்தியது. கவசம் எதுவரை தொங்கியது என்று யோசிக்க அது உதவும். துளை எங்கே என்று அதைக் கேட்காதீர்கள்.

கோத்து முடித்ததும், மண்ணில் கிடைத்த சான்றுப்படி கட்டிய இடங்களில் கறுப்பு நாடாவும், நீங்களாக ஊகித்த இடங்களில் சிவப்பு நாடாவும் போடுங்கள்.