யாரோ பூவை விதையிலிருந்து வளர்க்கும்போது நாங்கள் விடும் பிழைகள்

செடியின் பெயர் யாரோ (yarrow). ஆங்கிலத்தில் அப்படித்தான் சொல்கிறார்கள், நான் ஒன்றும் செய்ய முடியாது. "வேலிக்கரையில் என்ன நட்டிருக்கிறாய்?" என்று அம்மா கேட்க, நான் "யாரோ" என்று சொல்ல, "நட்டது யார் என்று கேட்கவில்லை, என்ன என்றுதான் கேட்டேன்" என்று அவர் சொன்னது எங்கள் வீட்டில் இன்னும் ஓடுகிற பகிடி.

ரொறன்ரோ பக்கத்தில் நாள் முழுக்க வெயில் விழுகிற வேலியோரப் பாத்தி இருந்தால் இதைத் தாராளமாகப் போடலாம். மைனஸ் 30 குளிரிலும் வேர் சாகாது, ஆனியில் தட்டைத் தட்டையாக வெள்ளை, மஞ்சள், ரோசா என்று பூக்கும், இலை சதகுப்பை மாதிரி மெல்லிசாகக் கீறிக் கீறி இருக்கும். அப்படியிருந்தும் எங்கள் ஆட்கள் பலர் "விதை போட்டேன், வரவில்லை" என்றுதான் சொல்கிறார்கள். காரணம் அநேகமாக ஒன்றுதான். மிளகாய்க்கும் கத்தரிக்கும் செய்து பழகிய கவனிப்பை எல்லாம் இதற்கும் செய்துவிடுகிறோம்.

முதல் பிழை விதையைப் புதைப்பது. விரலால் குழி போட்டு, விதையை விட்டு, மண்ணால் மூடி, மேலே கையால் ஒரு தட்டுத் தட்டுவோம். பயற்றங்காய்க்கு அது சரி. யாரோ விதை தூசி மாதிரி, ஒரு கிராமில் சுமார் 6,000 விதை இருக்கும், முளைக்க அதற்கு வெளிச்சம் வேண்டும். மூடினால் போச்சு. ஈர மண்ணின் மேல் தூவி, உள்ளங்கையால் மெல்ல அமத்திவிட்டால் போதும். தூவுவதற்கு ஊரில் கீரை விதைக்குச் செய்கிற அதே வேலையைச் செய்யுங்கள், காய்ந்த மணலோடு கலந்து தூவினால் ஒரே இடத்தில் குவியாது. மேலிருந்து வாளியால் தண்ணீர் ஊற்றினால் விதை எல்லாம் ஒரு மூலைக்குப் போய்ச் சேர்ந்துவிடும், அதனால் நாற்றுத் தட்டின் அடியில் தண்ணீர் வைத்து மண்ணை உறிஞ்ச விடுங்கள். 18 முதல் 22 பாகை வரை சூடு இருந்தால் இரண்டு கிழமைக்குள் முளைவிடும். மேலே பிளாஸ்டிக் தாள் மூடியிருந்தால் பச்சை தெரிந்த அன்றைக்கே எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் நாற்று அடித்தண்டு அழுகிக் கூட்டமாகச் சரியும்.

அடுத்தது நேரம். பங்குனி நடுப்பகுதியில் பேஸ்மென்ற்றில், மிளகாய் நாற்றுக்கு வைத்திருக்கிற அதே லைற்றுக்குக் கீழே தொடங்கலாம், வைகாசி நடுப்பகுதிக்குப் பிறகு வருகிற விக்டோரியா டே லோங் வீக்கெண்டுக்கு வெளியில் நட ஏற்ற அளவுக்கு வந்துவிடும். ஆனால் நேரே கொண்டுபோய் நடக்கூடாது. ஒரு கிழமை, பத்து நாள், முதலில் நிழலில் ஒரு மணித்தியாலம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெயில், காற்று என்று பழக்க வேண்டும். முதல் வருடம் எனக்கு அந்தப் பொறுமை இல்லை, இரண்டே நாளில் நாற்று எல்லாம் வெளுத்துப்போனது. இன்னொன்று, முதலில் வருகிற இரண்டு குட்டி இலைகள் சாதாரண வட்ட இலைகள்தான், கீறல் இலை பிறகுதான் வரும். களை என்று பிடுங்கிவிடாதீர்கள்.

இனிப் பசளைக்கு வருவோம், நாங்கள் கூடுதலாகக் கெடுப்பது இங்கேதான். பூங்கன்று விற்கிற கடைக்குப் போனால் மாட்டெரு மூட்டை நாலு வாங்காமல் வரமாட்டோம், போதாததற்குத் தக்காளிக்குக் கலக்கிற நீலப் பசளையில் மிச்சம் இருந்தால் அதையும் ஊற்றுவோம். யாரோவுக்கு நல்ல சாப்பாடு கொடுத்தால் தண்டு கிடுகிடுவென்று மூன்று அடிக்கு மேல் போகும், இலை மொத்தமாகும், ஒரு மழை பெய்தவுடன் நடுவால் பிரிந்து நாலு பக்கமும் படுத்துவிடும். பூவும் குறையும். இது வறண்ட, சத்தில்லாத நிலத்தில் வளர்ந்து பழகியது, பசளை கேட்பதே இல்லை. பாத்தி ஏற்கனவே கொழுத்த மண்ணாக இருந்தால் வைகாசிக் கடைசியில் செடியைப் பாதி உயரத்துக்கு வெட்டிவிடுங்கள், பூ இரண்டு மூன்று கிழமை பிந்தும், ஆனால் செடி குட்டையாக நிமிர்ந்து நிற்கும். நிழலில் நட்டாலும் இதே கூத்துத்தான், வெயிலைத் தேடி நீண்டு விழும்.

தண்ணீரும் அப்படியே. நட்ட முதல் ஒன்றிரண்டு மாதம் வேர் பிடிக்கும்வரை கவனியுங்கள், அதற்குப் பிறகு பின்னேரம் ஹோஸைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பழக்கத்தை வேறு பாத்தியில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கத்துக் களிமண்ணில் குளிர் காலத்தில் செடி செத்தால் நான் முதலில் சந்தேகப்படுவது குளிரை அல்ல, தேங்கி நிற்கிற ஈரத்தை. பாத்தியை ஒரு சாண் உயர்த்திவிட்டு நடுங்கள். மரத்தூளை, மரப்பட்டையைச் செடியின் கழுத்துவரை குவிக்காதீர்கள், அழுகும்.

விதை வாங்குவதிலும் ஏமாறுகிறோம். இணையத்தில் நீல யாரோ விதை என்று படம் போட்டு விற்கிறார்கள், அப்படி ஒரு நிறம் இதில் கிடையாது. மூன்ஷைன் என்ற மஞ்சள் வகை விதையால் அல்ல, வேர் பிரித்தோ தண்டு வெட்டி நட்டோ பெருக்கப்படுவது, அந்தப் பெயரில் விதை விற்றால் வாங்காதீர்கள். பப்ரிக்கா என்ற சிவப்பு யாரோ வகையின் விதையை எடுத்துவைத்துப் போட்டால் தாய்ச்செடி மாதிரியே வரும் என்று நம்பவும் முடியாது. விதைக்கென்றே உள்ளவை சமர் பேஸ்ரல்ஸ், செரீஸ் குவீன் போன்றவை. சமர் பேஸ்ரல்ஸ் 1990இல், புது வகைகளை நட்டுப் பார்த்துக் கொடுக்கிற ஓல் அமெரிக்கா செலெக்ஷன்ஸ் விருதைப் பெற்ற கலவை, நிறம் கலந்து கட்டித்தான் வரும், எது வரும் என்பது உங்கள் அதிர்ஷ்டம்.

நாயோ பூனையோ வைத்திருப்பவர்கள், அவை இதைத் தின்னக்கூடாது என்பதை நினைவில் வைத்திருங்கள். சாமந்தி பட்டால் கை கடிக்கிறவர்களுக்கு இதுவும் கடிக்கும், இரண்டும் ஒரே குடும்பம். மூலிகையாமே என்று தெருவோரத்தில் இதுபோல வெள்ளையாகப் பூத்திருப்பதைப் பிடுங்கி வந்து அவிக்கிற வேலை வேண்டவே வேண்டாம், தூரத்தில் பார்க்க இப்படியே இருக்கிற கொடிய நஞ்சுச் செடியும் ஒன்ராறியோவில் உண்டு.

விதையிலிருந்து வந்த செடி முதல் வருடம் அநேகமாக இலையாகவே நிற்கும். எனக்குப் புரட்டாதியில் ஒரேயொரு கொத்து வந்தது. அதைப் பார்த்துவிட்டு "இது சரிவராது" என்று கிண்டி எறியாதீர்கள், இரண்டாவது ஆனியில்தான் கணக்குப் பார்க்க வேண்டும். முதல் பூ வாடியதும் தண்டை அடி இலைவரை வெட்டினால் இன்னொரு தரம் பூக்கும், விதையும் கொட்டாது.

மூன்றாவது வருடம் உங்கள் பிரச்சினை தலைகீழாக மாறும். மண்ணுக்கடியில் அறுகம்புல் மாதிரி வேர்த்தண்டு ஓடிப் புல்தரைக்குள்ளும் பக்கத்து வளவுக்குள்ளும் தலைகாட்டும். கன்றுக்குக் கன்று ஒன்றரை, இரண்டு அடி விட்டு நடச் சொல்வது அதற்காகத்தான். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை இளவேனிலில் கிளறி, நடுவில் வறண்டுபோன பகுதியை எறிந்துவிட்டு, ஓரத்துக் கன்றுகளை மட்டும் திரும்ப நடுங்கள். மிச்சத்தைப் பையில் கட்டி வீட்டு வாசலில் வைத்தால், பின்னேரத்துக்குள் யாரோ எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.